பாக்கி நாற்பத்து மூன்று நாள்

என் மகள் வீட்டுக் கீழறையில் ஒரு மேசை உண்டு. அதன் இரண்டாவது இழுப்பறை வழியாகத்தான் என் சம்பந்தியை நான் பெரும்பாலும் அறிந்திருந்தேன். ஊருக்குக் கிளம்பும்போது பாதி தீர்ந்த தைலப் புட்டி, இஞ்சி மரப்பா, மூன்று ஜோடிக் கம்பளிக் காலுறை எல்லாவற்றையும் அதில் வைத்துவிட்டுப் போவேன். அடுத்து வந்து இறங்கும் அவர் ஆறு மாதம் அவற்றைப் பயன்படுத்துவார். தன் பங்குக்கு ஒரு குரங்குக் குல்லாய், மிச்சம் இருக்கும் ஓமத் தண்ணீர், ஒரு துண்டுச் சீட்டு என்று வைத்துவிட்டுப் புறப்படுவார். ஒருமுறை அந்தச் சீட்டில் இப்படி எழுதியிருந்தார்: "குளியலறைக் குழாயை இடது பக்கம் திருப்பி இருபது வரைக்கும் எண்ணவும். சுடுதண்ணி வரும். உங்களுக்கு எண்ணச் சொல்லித் தரணுங்களா!"

அவர் கேலி செய்ததில் நியாயம் உண்டு. நெடுஞ்சாலைத் துறையில் போக்குவரத்துக் கணக்கெடுப்பில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன் நான். சாலையோரம் உட்கார்ந்து லாரி இத்தனை, பஸ் இத்தனை, மாட்டுவண்டி இத்தனை என்று கோடு கிழித்துக் கிழித்துக் கை பழகிவிட்டது. ஓய்வுபெற்ற பிறகும் அது நிற்கவில்லை. டெக்சாஸில் ஃபிரிஸ்கோவில் இருக்கும் மகள் வீட்டில் மாடிக்குப் பதினான்கு படி. வீட்டிலிருந்து குளத்தைச் சுற்றி வந்தால் இரண்டாயிரத்து நூற்றுப் பத்து எட்டு. சம்பந்தியும் நானும் அந்த வீட்டில் ஒன்றாக இருந்தது, பேத்தி பிறந்த நாள் முதல் பதினேழு வருடத்தில், மொத்தம் பத்தொன்பது நாள்.

அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் பெற்றோருக்கு இது புரியும். சுற்றுலா விசாவில் போனால் ஆறு மாதம் தங்கவிடுவார்கள். மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போகிறவர்கள், குழந்தையோ ஒன்றே ஒன்று. அதனால் தாத்தாக்கள் நாங்கள் முறைவைத்துப் போனோம். என் மனைவி பேத்தி பிறப்பதற்கு முன்பே காலமாகிவிட்டாள். அவர் மனைவிக்கு விமானம் ஒத்துக்கொள்ளாது, கோபிசெட்டிபாளையத்திலேயே இருந்துவிட்டார். ஆகஸ்டு முதல் ஜனவரி வரை சம்பந்தி. பிப்ரவரி முதல் ஜூலை வரை நான். ஒருவர் வந்து இறங்க, இரண்டொரு நாளில் மற்றவர் கிளம்புவார். எல்லா வருடமும் போகவில்லை. ஆளுக்கு எட்டு முறை போயிருந்தோம். பேத்திக்கு அவர் கோபி தாத்தா, நான் தாம்பரம் தாத்தா.

கோபியில் அவருக்கு மஞ்சள் மண்டி இருந்தது. எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்தியவர். நெடுநெடுவென்ற ஆள், உரத்த குரல். இலையுதிர் காலம் அவருடைய முறை என்பதால் பள்ளியின் ஃபுட்பால் பருவம் முழுக்க அவருக்கே. பேத்தி ஒன்பதாவதிலிருந்து பள்ளியின் பேண்டில் கிளாரினெட் வாசித்தாள். டெக்சாஸில் பள்ளிக்கூட ஃபுட்பால் என்பது நம் ஊர்த் தேர்த் திருவிழா மாதிரி. வெள்ளிக்கிழமை மாலை ஊரே அங்கே இருக்கும். ஆட்டத்தின் இடைவேளையில் பேண்டு எட்டு நிமிடம் மைதானத்தில் அணிவகுத்து வாசிக்கும். அந்த எட்டு நிமிடத்துக்காக இவர் குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு தகரப் பலகை இருக்கையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பார். ஆட்டம் அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. "என்னங்க சம்பந்தி இது, ஒருத்தன் பந்தத் தூக்கிட்டு ஓடறான், பத்துப் பேரு அவன் மேல விழுகறான். பாவமுங்க, அவன் அப்பனாத்தா பாத்துட்டுத்தான இருப்பாங்க" என்பார். ஆனாலும் நம் பக்கம் எது என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு சரியான நேரத்தில் எழுந்து நின்று கத்துவார். அந்தக் கூட்டத்துக்கே அவரைத் தெரியும்.

எனக்கு வாய்த்தது வசந்த காலம். தேர்வுகள், மதிப்பெண், தரவரிசை. அந்த மாநிலத்தில் பள்ளியின் தரவரிசையில் முன்னால் இருக்கும் சிலருக்கு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி. பேத்தியின் பள்ளியில் அது முதல் முப்பத்தாறு பேர் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். பதினொன்றாவது முடிவில் அவள் முப்பத்தொன்பது. பேண்டு வகுப்புக்கு மதிப்பெண் எடை குறைவு. அதை விட்டிருந்தால் முப்பத்திரண்டுக்கு வந்திருப்பாள் என்று ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். மகள் அதைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள். பேத்தி மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். "தாத்தா, ஐ லைக் பேண்ட்." அவ்வளவுதான். சம்பந்தி கொண்டாட்டத்துக்கு, நான் கவலைக்கு என்று அன்று எனக்குள் ஒரு கசப்பு விழுந்தது. அதை அப்போதே நான் அடையாளம் கண்டிருக்க வேண்டும்.

அவள் பதினொன்றாவது படித்த ஜனவரியில், முறை மாறும் நாளன்று, சம்பந்தி பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏனுங்க சம்பந்தி, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே? வர்ற முறை மட்டும் மாத்திக்கலாங்களா? நீங்க முன்ன, நான் பின்ன."

"பேண்டு பார்க்க முடியாதே உங்களுக்கு? கடைசி வருஷம் வேற."

"அது போவட்டுங்க. அம்மிணி அந்தக் கருப்பு அங்கி போட்டுட்டுத் தொப்பிய மேல வீசுமில்லீங்க, அத ஒருக்கா கண்ணால பாத்துப் போடறேன். உங்க மாப்பிள்ளை பட்டம் வாங்குன அன்னிக்கு மண்டில நாலு லோடு மஞ்சள் வந்து நின்னுது. போட்டோலதான் பாத்தனுங்க. அவன் ஒண்ணும் கேக்கல. கேட்டிருந்தா பரவால்ல."

நான் கையை நீட்டினேன். அவர் என் உள்ளங்கையில் ஓங்கித் தட்டினார். அவ்வளவு வலுவான கை.

அப்படித்தான் ஜூலையில் ஊர் திரும்பிய நான் அந்த ஆகஸ்டிலேயே மறுபடியும் போனேன். பன்னிரண்டாம் வகுப்பு என்பது அங்கே படிப்பை விட விண்ணப்பம்தான். பதினான்கு கல்லூரிகள், முப்பத்தொரு சிறு கட்டுரைகள், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு பெரிய கட்டுரை. அதற்கு அறுநூற்றைம்பது சொல் வரம்பு. ஒரு சொல் கூடினாலும் விண்ணப்பப் பக்கம் ஏற்காது. விண்ணப்பத்துக்கு ஆலோசனை சொல்ல மகள் ஒரு பெண்மணியை ஏற்பாடு செய்திருந்தாள். முதல் நாளே அவர் கணினித் திரையில் தோன்றி, தாத்தா பாட்டி பற்றி மட்டும் எழுதாதே, எல்லா இந்தியப் பிள்ளைகளும் அதைத்தான் எழுதுகிறார்கள் என்று சொல்லிவிட்டார். நான் அடுத்த அறையில் இருந்து கேட்டேன். கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

பேத்தி சாப்பாட்டு மேசையில் எழுதுவாள். நான் எதிரில் உட்கார்ந்து காகிதத்தில் சொற்களை எண்ணுவேன். "தாத்தா, கம்ப்யூட்டரே கவுண்ட் பண்ணும், யூ நோ தட், ரைட்?" என்பாள். தெரியும், இருந்தாலும் எண்ணுவேன். அவளும் தடுக்கவில்லை. எந்தெந்தக் கல்லூரிக்கு என்றைக்குக் கடைசி நாள் என்று குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டினேன். அனுமார் கோயிலில் பிற பெற்றோர் "உங்க கிராண்ட்டாட்டர் எங்கெல்லாம் அப்ளை பண்றா அங்கிள்?" என்று கேட்டால், "இன்னும் முடிவு பண்ணலை" என்று சொல்லும்படி மகள் உத்தரவு. அவர்களும் அதையேதான் எனக்குப் பதிலாகச் சொன்னார்கள். பதினான்கு இடங்களுக்கு விண்ணப்பித்துவிட்டு எல்லோரும் முடிவு பண்ணாமலே பிரசாதம் வாங்கிக்கொண்டு போனோம்.

பேண்டு நிகழ்ச்சியைப் படம் பிடித்துக் காட்டும் பொறுப்பு எனக்கு வந்தது. உள்ளூரில் ஐந்து ஆட்டம். நான் போனது இரண்டு. மற்ற மூன்றுக்கும் கொசு, குளிர், முதுகு என்று ஏதோ சொன்னேன். நான் போன அந்த இரண்டு நாளும் சம்பந்தி கோபியில் விடியற்காலை காபியோடு செல்பேசி முன் உட்கார்ந்திருந்தார். நூற்றைம்பது பிள்ளைகள் ஒரே சீருடை, ஒரே தொப்பி. அவள் எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. அவர் கத்தினார்: "சம்பந்தி, இடது பக்கம் திருப்புங்க! நாலாவது வரிசை, மூணாவது ஆளு! நடக்கறதப் பாத்தாத் தெரியலீங்களா? வலது தோள் கொஞ்சம் எச்சா எறங்கும்." ஒன்பதாயிரம் மைலுக்கு அப்பால் இருந்து அவருக்குத் தெரிந்தது. பக்கத்தில் இருந்த எனக்கு அவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

நவம்பரில் பெரிய கட்டுரையின் கடைசி வடிவத்தை எண்ணும்படி என்னிடம் அவளே கொடுத்தாள். அறுநூற்று நாற்பத்தெட்டு. அந்தப் பெண்மணி சொன்னதை அவள் கேட்கவில்லை. தாத்தாவைப் பற்றித்தான் எழுதியிருந்தாள். ஆங்கிலத்தில் எழுதிய அந்தக் கட்டுரையில் "தாத்தா" என்ற சொல்லை மட்டும் தமிழாகவே விட்டிருந்தாள். பதினோரு இடம். ஆட்டத்தின் விதியே தெரியாத ஒரு மனிதர் எட்டு நிமிடத்துக்காக மூன்று மணி நேரம் காத்திருப்பதைப் பற்றி. கேட்க வேண்டிய தேவையே இல்லை, ஆனாலும் கேட்டேன்.

"இது எந்தத் தாத்தா?"

"கோபி தாத்தா, ஆப்வியஸ்லி." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க அவர்கிட்ட சொல்லக் கூடாது, ஓகே? பிப்ரவரில வருவார்ல, ஐ வாண்ட் டு ரீட் இட் டு ஹிம். நேர்ல. தமிழ்ல சொல்ல ட்ரை பண்றேன். ப்ராமிஸ்?"

நான் வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கை மட்டும் மிக ஒழுங்காகக் காப்பாற்றினேன்.

பொறாமை என்ற சொல்லை என்னோடு சேர்த்து எழுத எழுபத்தெட்டு வயதில் கூச்சமாக இருக்கிறது. அன்று அதை நான் அப்படி நினைக்கவும் இல்லை. கணக்கு என்றுதான் நினைத்தேன். கடவுச்சீட்டை எடுத்து, இதற்கு முந்தைய என் எட்டுப் பயணங்களையும் நாள் நாளாகக் கூட்டினேன். ஆயிரத்து முந்நூற்று எண்பத்தாறு. அவர் வந்த தேதிகள் என் பழைய நாட்குறிப்புகளில் இருந்தன. அவற்றோடு டிக்கெட்டின்படி தங்க வேண்டிய காலத்தைச் சேர்த்துக் கூட்டினேன். ஆயிரத்து நானூற்று இருபத்தொன்பது. எனக்கு நாற்பத்து மூன்று நாள் பாக்கி இருந்தது. பிப்ரவரி முதல் வாரத்தில் நான் கிளம்ப வேண்டும். மாநிலப் பல்கலைக்கழகத்தின் முடிவோ அதற்குள் வராது. அதுவரை உழைத்தவன் நான். முடிவு வரும்போது அவர் உட்கார்ந்திருப்பார். ஜனவரியில் அந்தத் தாளை மகளிடம் காட்டினேன்.

"அப்பா, மாமாவோட டர்ன்பா இது. அவருக்கு டிக்கெட் போட்டாச்சு."

"மார்ச் நடுவில நான் போயிடறேன். பள்ளி முடிக்கிற விழா மே கடைசியில்தானே? அவர் பார்த்துக்கலாம்."

"அதுக்கு இதையெல்லாம் எழுதி வெச்சிருக்கியா? என்னப்பா நீ!" அப்புறம் அவளே வழி சொன்னாள். "சரி, ரெண்டு பேருமே இருங்களேன். மாமாவுக்கு முட்டி வலி, கீழ ரூம் அவருக்கு. நீ மேல படுத்துக்கோ."

பதினான்கு படி, என்னால் முடியாது என்றேன். அந்த வாரத்தில் மட்டும் மேல் ஜன்னல்கள் மூடியிருக்கின்றனவா என்று பார்க்க நான்கு முறை ஏறியிருந்தேன்.

நான் தங்குவதை நீட்டிக்க மாப்பிள்ளை விண்ணப்பம் போட்டார். தன் அப்பாவின் டிக்கெட்டை மாற்றினார். சம்பந்தியிடம் நானே பேசினேன். கணக்கைச் சொன்னேன். அவர் சிரித்தார். "அட, நாப்பத்திமூணு நாளுங்களா! நமக்கு இதெல்லாம் ஞாபகமே இல்லீங்க. நீங்க எண்ணிச் சொன்னா சரியாத்தானுங்க இருக்கும். இருந்துட்டு வாங்க. பரிச்ச ரிசல்ட்டு வர்றப்ப அம்மிணி பக்கத்துல ஒரு பெரிய மனுசன் வேணுமில்லீங்க."

நீட்டித்த நாட்களில் இருபத்திரண்டாம் நாள் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. முப்பத்தொன்பதாவது இடம் ஒரு தடையாகவே இல்லை. பேத்தி அலறியபடி மாடியிலிருந்து இறங்கி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்ட கையிலேயே செல்பேசியும் இருந்தது, கோபிக்கு அழைப்பு போய்க்கொண்டிருந்தது. "சாப்ட்டியா அம்மிணி, சாப்ட்டியா" என்று அவர் மூன்று முறை கேட்டார். "தாத்தா, சீக்கிரம் வாங்க. ஒண்ணு காட்டணும்" என்றாள் அவள். "என்ன அம்மிணி அது?" "வாங்க. தென் ஐ வில் டெல் யூ." அவள் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். அந்த நிமிடம் நான் சொல்லியிருக்கலாம். வாக்குத்தானே, குழந்தைத்தனமான வாக்கு. இதோ உங்களைப் பற்றி எழுதித்தான் இவளுக்கு இடம் கிடைத்தது சம்பந்தி என்று ஒரே வாக்கியம். எட்டுச் சொற்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

முப்பத்து நான்காம் நாள், நாங்கள் காலைச் சிற்றுண்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கோபியிலிருந்து சம்பந்தியின் பக்கத்து வீட்டுக்காரர் அழைத்தார். மனைவி இறந்த பிறகு அவர் அங்கே தனியாகத்தான் இருந்தார். வாசலில் பால் பாக்கெட் எடுக்கப்படாமல் கிடந்ததாம். கதவை உடைத்துப் போய்ப் பார்த்திருக்கிறார்கள். மாப்பிள்ளை செல்பேசியைக் காதில் வைத்தபடியே எழுந்து கார் கொட்டகைக்குள் போனார். கதவைச் சாத்திக்கொண்டார். பேத்தி அழவில்லை. தட்டை நகர்த்தி வைத்துவிட்டு என்னிடம் மட்டும் சொன்னாள்: "ஐ ஹாட் ப்ராக்டிஸ்ட் இட், தாத்தா. ஃபுல்லா தமிழ்ல." என்னை அவள் குற்றம் சொல்லவில்லை. அன்றும் இல்லை, பிறகும் இல்லை.

நாற்பத்து மூன்றாம் நாள் நான் கிளம்பினேன். விழாவுக்கு ஒரு தாத்தாவாவது இருங்கப்பா என்று மகள் கேட்டாள். என்னால் முடியாது என்று சொன்னேன். அந்த ஒருமுறை அது உண்மை.

பதினாறாம் நாள் காரியத்துக்குக் கோபி போனேன். மருந்துக் கடைக்காரர் துக்கம் கேட்க வந்த இடத்தில் சொன்னார். இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கிறது என்று மாத்திரை கேட்டாராம். ஈரோடு போய் டாக்டரைப் பாருங்கள் என்றதற்கு, "போனா படுக்க வெச்சிருவாங்க. டிக்கெட் இருக்குதுங்க, அங்க பேத்தி காத்துட்டிருக்குது" என்று சொல்லிவிட்டுச் சோடா வாங்கிக் குடித்துப் போனாராம். கட்டி வைத்த பெட்டி அறை மூலையில் அப்படியே இருந்தது. மேலே பழையதும் புதியதுமாகச் சேர்த்துக் கட்டிய கடவுச்சீட்டு. மாப்பிள்ளை அதை என்னிடம் கொடுத்து, "மாமா, இதை ஆபீஸ்ல திருப்பித் தரணும். எதெது பழசுன்னு பாருங்க, நீங்கதான் சரியா பாப்பீங்க" என்றார்.

பார்த்தேன். நம் ஊர் விமான நிலையத்தில் திரும்பி வந்ததற்கு ஒரு முத்திரை குத்துவார்கள். ஆறாவது பயணத்தில் அந்த முத்திரை, நான் எண்ணி வைத்திருந்த நாளுக்கு அறுபத்தைந்து நாள் முன்னதாக இருந்தது. உடனே ஞாபகம் வந்தது. அந்த வருடம்தான் அவர் மனைவியைக் கொண்டுபோன பக்கவாதம் வந்தது. பாதியில் கிளம்பி ஓடி வந்தார். கோயம்புத்தூர் மருத்துவமனைக்கு நானே ரயிலேறிப் போய், வராந்தாவில் அவரோடு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன். அந்த வராந்தாவில் எத்தனை நாற்காலி என்று இப்போதும் சொல்வேன், பதினெட்டு. அவர் எத்தனை நாள் முன்னதாக வந்தார் என்பதை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை. ஆயிரத்து முந்நூற்று அறுபத்து நான்கு. எனக்குப் பாக்கி எதுவும் இல்லை. அவருக்குத்தான் இருபத்திரண்டு நாள் நான் தர வேண்டியிருந்தது. தாளும் பேனாவும் இல்லாமல் நின்ற இடத்திலேயே மூன்று முறை போட்டுப் பார்த்தேன். மாப்பிள்ளை பந்தல்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். கடவுச்சீட்டை உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். "எல்லாம் சரியா இருக்கா மாமா?" என்று கேட்டார். சரியாக இருக்கிறது என்றேன்.

பேத்தி இப்போது ஆஸ்டினில், அந்த மாநிலப் பல்கலைக்கழகத்தில், இரண்டாம் வருடம். அங்கும் பேண்டில் இருக்கிறாள். மகள் வீட்டில் இரண்டே பேர். மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என்னைக் கூப்பிடுவார், மாத்திரை சாப்பிட்டேனா என்று கேட்பார். சித்திரை மாதம் ஒருநாள், "வாங்களேன் மாமா, விசா இன்னும் மூணு வருஷம் இருக்கு" என்றார். ஆறு மாதத்துக்குத் துணி எடுத்து வைக்க வேண்டும், இங்கே வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று நான் ஏதோ இழுத்தேன்.

"ஆறு மாசம்னு என்ன கணக்கு மாமா? உங்களுக்கு அப்புறம் இப்ப யாரும் வரப் போறதில்லியே. எத்தனை நாள் வேணும்னாலும் இருங்க."

அன்பாகத்தான் சொன்னார். அவருக்கு வேறு எதுவும் தெரியாது. வெயில் காலம் போகட்டும் மாப்பிள்ளை என்றேன். வெயில் காலம் போய் நான்கு மாதமும் ஒன்பது நாளும் ஆகின்றன.